மூங்கில் துணியில் தைத்த குழந்தை உடைகளைக் கெடாமல் காயவைப்பது எப்படி? படிப்படியான வழிகாட்டி

என் குழந்தைக்கு வந்த முதல் மூங்கில் துணி ஸ்லீப்சூட், இரண்டே சலவையில் கால் நீண்டு, கழுத்து அகன்று, யாரோ பெரிய பிள்ளையின் உடையை இரவல் வாங்கிப் போட்டது போல ஆகிவிட்டது. சோப்பைக் குறை சொன்னேன், மெஷினைக் குறை சொன்னேன். கடைசியில் பார்த்தால், பருத்திச் சட்டையைக் காயப்போடுவது போலவே தோளில் இரண்டு கிளிப்பை மாட்டித் தொங்கவிட்ட என் கைதான் காரணம்.

இந்தத் துணி பருத்தியைப் போல நடந்துகொள்ளாது. 'மூங்கில் துணி' என்று விற்பதில் பெரும்பங்கு, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ். விஸ்கோஸ் நனைந்தால் அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். பருத்தியோ நனைந்தால் சற்று உறுதி கூடும். போதாததற்கு, பிழிந்த பிறகும் விஸ்கோஸ் பருத்தியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதாவது, துணி மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில்தான் அதன் எடையும் மிக அதிகம்.

கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இதை வைத்துத்தான். முதலில் தண்ணீரை எடுக்க வேண்டும், அப்புறம் உருவத்தைச் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் காற்று. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் தாண்டி நேராகக் கொடிக்குப் போய்விடுகிறார்கள்.

1. லேபிளை இரண்டு விஷயங்களுக்காகப் படியுங்கள்

முதலாவது, துணியின் கலவை. குழந்தை உடைகளில் அடிக்கடி தென்படுவது 95 சதவீதம் விஸ்கோஸ், 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸ். அந்த 5 சதவீதம்தான் துணிக்கு இழுவையைத் தருகிறது. கடும் சூட்டிலும் குளோரின் பிளீச்சிலும் முதலில் சாவதும் அதுதான். பருத்தி கலந்திருந்தால் துணி கொஞ்சம் தாங்கும். மூங்கில் லயோசெல் என்று போட்டிருந்தால், ஈரத்தில் அது விஸ்கோஸைவிட உறுதியானது. ரேயான் என்று இருந்தால் விஸ்கோஸாகவே நினைத்து நடத்துங்கள்.

இரண்டாவது, காயவைக்கும் குறி. சதுரத்துக்குள் வட்டம் என்றால் டிரையர். வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி இருந்தால் சாதாரண சூடு, மேலே பெருக்கல் அடித்திருந்தால் டிரையரே கூடாது. சதுரத்துக்குள் படுக்கைக் கோடு இருந்தால் தட்டையாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். மேல் மூலையில் சாய்ந்த கோடு இருந்தால் நிழலில்.

லேபிள் எழுத்து நாளடைவில் மங்கிவிடலாம். சிலர் குழந்தையின் கழுத்தில் உறுத்துகிறதென்று முதல் நாளே வெட்டிவிடுவார்கள். வெட்டுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. துவைப்பதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

தடிப்பான துண்டு இரண்டு. வெளிர் நிறமாக, பலமுறை துவைத்ததாக இருக்கட்டும். புதுத் துண்டு பஞ்சு உதிர்க்கும். அடர்நிறத் துண்டு சாயம் விடும். இரண்டும் ஈரமான மூங்கில் துணியில் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

அடியிலும் காற்றுப் போகும் ஒரு பரப்பு. வலை போட்ட தட்டை ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கம்பிகள் நெருக்கமாக உள்ள மடக்கு ஸ்டாண்டின் மேல் மெல்லிய துணி ஒன்றை விரித்துக்கொள்ளலாம்.

துவைக்கும் வலைப்பை ஒன்று. மெஷினில் கை கால்கள் முறுக்கிக்கொண்டு இழுபடுவதை இது தடுக்கும்.

ஜிப்பை முழுதாக மூடி, உடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். வெல்க்ரோ உள்ள கழுத்துத் துணிகளை இந்தச் சலவையிலேயே சேர்க்காதீர்கள். வெல்க்ரோவின் கொக்கிகள் நனைந்த மூங்கில் துணியில் உரசினால் நூல் கிளம்பி உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: பரப்பிக் காயவைக்க எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் ஒரே நேரத்தில் துவைக்க வேண்டும். என் ஸ்டாண்டில் ஆறு உடை பிடிக்கும். ஏழாவது உடை எங்கேயாவது கதவுக் கைப்பிடியில்தான் தொங்கும். கெட்டுப்போவதும் அந்த ஏழாவதுதான்.

3. மெஷினிலிருந்து எடுக்கும் விதம்

சுழற்றிப் பிழியும் வேகத்தை நிமிடத்துக்கு 600 சுழற்சி (rpm) அல்லது அதற்கும் கீழே வையுங்கள். வேகத்தைத் தனியாக மாற்ற முடியாத மெஷினில் மென்துணிக்கான சுற்றே போதும். வேகம் கூடினால் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் துணி தொட்டிச் சுவரோடு நசுங்கி விழும் மடிப்பு, காய்ந்த பிறகு கோடாக நின்றுவிடும்.

சுற்று முடிந்ததும் உடனே எடுங்கள். ஒரு கையைப் பிடித்து உருவாதீர்கள். மொத்த உடையின் எடையும் அந்த ஒரு தையலில் தொங்கும். வலைப்பையோடு தூக்கி, ஒரு தட்டிலோ பேசினிலோ கொட்டி, சிக்கலை அங்கேயே பிரியுங்கள். எடுத்துப் போகும்போது இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொள்ளுங்கள்.

கையால் துவைத்தால், உடையைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். பிறகு உடையைப் பேசினின் பக்கவாட்டோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்துங்கள். முறுக்கிப் பிழிவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. துண்டில் சுருட்டித் தண்ணீரை எடுத்தல்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மற்றதில் சின்னத் தவறு வந்தாலும் உடை பிழைத்துக்கொள்ளும். ஆனால் எல்லோரும் தவிர்க்கும் படியும் இதுதான்.

துண்டைத் தட்டையாக விரியுங்கள். உடையை அதன்மேல் கை, கால் விரித்து வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடை வேண்டாம். நடுவில் மாட்டுவது உலராது, சாயமும் மாறலாம். துண்டின் ஒரு முனையிலிருந்து உடையோடு சேர்த்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள்.

சுருளின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே போங்கள். உடம்பின் எடையைக் கைமேல் சாய்த்தால் போதும். துண்டு தண்ணீரை உறிஞ்ச ஓரிரு நிமிடம் விடுங்கள். பிறகு விரித்து, உடையைக் காய்ந்த இரண்டாவது துண்டுக்கு மாற்றி மறுபடியும் அதே போலச் செய்யுங்கள்.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு: சுருட்டியதும் அந்தத் துண்டையே இரு முனையிலும் பிடித்து முறுக்குவது. துண்டுக்குள் இருப்பதால் துணிக்கு அடி படாது என்று ஒரு நினைப்பு. துண்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் உடையும் அதே அளவு முறுக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கால் கவட்டுப் பகுதியின் தடித்த தையலை இரண்டு விரலால் நெருக்குங்கள். சொட்டு வரக்கூடாது, விரலில் ஈரம் பளபளக்கவும் கூடாது. குளிர்ச்சி மட்டும் தெரிந்தால் சரி. பட்டன் பட்டி, கழுத்துப் பட்டை, மணிக்கட்டுப் பட்டை எல்லாம் இரட்டைத் துணி. அங்கே இன்னொரு முறை அழுத்திக்கொடுங்கள்.

துவைத்துப் பயன்படுத்தும் டயப்பருக்குள் வைக்கும் மூங்கில் பட்டைகள் தனி ரகம். பல அடுக்குத் துணி என்பதால் ஒரே துண்டில் அடங்காது, மூன்றாவது துண்டும் கேட்கும். அவற்றை உடைகளோடு சேர்த்துக் காயவைக்கக் கணக்குப் போடாதீர்கள். உடைகள் காய்ந்து மடித்து வைத்த பிறகும் அவை ஈரமாகத்தான் இருக்கும்.

5. உருவத்துக்குக் கொண்டுவருதல்

எந்த உருவத்தில் காய்கிறதோ அந்த உருவத்தில்தான் துணி நிற்கும். காய்ந்த பிறகு இழுத்துச் சரிசெய்யலாம் என்று விட்டால் பெரும்பாலும் நடக்காது.

துணியை எடுத்துப் 'படார்' என்று உதறும் பழக்கம் நம் கையில் ஊறியது. பருத்திக்கு நல்லது. இதற்கு வேண்டாம். தோள், இடுப்பு இரண்டு இடத்திலும் பிடித்து லேசாக ஆட்டினால் போதும்.

ஸ்டாண்டில் வைத்த பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டு போங்கள். இருபக்கத் தையலும் நேராக இருக்கட்டும். கழுத்துப் பட்டையையும் மணிக்கட்டுப் பட்டையையும் மட்டும் தடவி அகலப்படுத்தாமல், விரல்களால் உள்நோக்கி ஒதுக்கிவிடுங்கள். அங்கே இழுவை நிற்க வேண்டும்; விரிந்த நிலையில் காய்ந்தால் அந்தப் பட்டை தளர்ந்துவிடும்.

நீளம் சரிதானா என்று சந்தேகமா? அதே அளவில் காய்ந்த உடை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈர உடை நீண்டிருந்தால் பாதத்திலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தள்ளிக் கொடுங்கள்.

இப்போது ஜிப்பைப் பாதிவரை திறந்து, பட்டி அலையலையாக இல்லாமல் நேராகப் படுக்க வையுங்கள். ஜிப் பட்டி சுருங்காது, இரு பக்கத் துணி சுருங்கும். அதனால்தான் சில ஸ்லீப்சூட்டுகளில் நெஞ்சின் நடுவே பாம்பு நெளிவது போல ஜிப் நிற்கிறது. மாட்டியிருக்கும் அழுத்துப் பட்டன்களைத் திறக்க வேண்டியிருந்தால் பட்டனை ஒட்டியே இரு பக்கமும் பிடித்துத் திறங்கள். ஈரத் துணியைப் பிடித்து இழுத்தால் பட்டன் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும்.

6. எதைப் பரப்ப வேண்டும், எதைத் தொங்கவிடலாம்

பின்னல் துணியா, நெசவுத் துணியா என்பதுதான் கேள்வி. காய்ந்திருக்கும்போது லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டு திரும்பினால் பின்னல். அசையாமல் நின்றால் நெசவு. ஸ்லீப்சூட், பாடிசூட், தொப்பி, பெரும்பாலான கால்சட்டை எல்லாம் பின்னல். அவற்றைப் பரப்பித்தான் காயவைக்க வேண்டும்.

குழந்தையைச் சுற்றிக் கட்டும் மெல்லிய மஸ்லின் போர்வை பெரும்பாலும் நெசவு. அதைக் கொடியில் போடலாம். ஒரு முனையில் கிளிப் மாட்டாமல், நடுவில் மடித்துப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் விழும்படி போடுங்கள்.

இடமே இல்லை, பின்னல் உடையையும் தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் எப்படியாவது பரப்பி வையுங்கள். பாதி காய்ந்து எடை குறைந்ததும் தடித்த கம்பி ஒன்றின்மேல் இடுப்புப் பகுதி படும்படி மடித்துப் போடலாம். மெல்லிய கயிற்றில் போட்டால் குறுக்கே தழும்பு விழும். ஹேங்கர் வேண்டாம், தோளில் இரண்டு கூம்பு முளைக்கும், அதைப் போக்க மறுபடி நனைக்க வேண்டும்.

7. எங்கே வைப்பது

நிழல், கூடவே நகரும் காற்று. இரண்டில் காற்றுதான் முக்கியம். வெயில் சீக்கிரம் காயவைக்கும், ஆனால் நேர் வெயில் சாயத்தை வெளுக்கவைக்கும். நாள்பட நூலையும் நலிவடையச் செய்யும். கறைக்காகக் கொஞ்சம் வெயில் காட்ட வேண்டும் என்று நினைத்தால், காலை வெயிலில் சிறிது நேரம், உட்புறம் வெளியே இருக்கும்படி வைத்துவிட்டு நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். துணிக்கு அடியில் காற்றுப் போகாவிட்டால் மேல்பக்கம் காய்ந்து கீழ்ப்பக்கம் நசநசவென்று இருக்கும். பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். திருப்பும்போது இருபக்கத் தையல்களை மறுபடி நேராக்கிவிடுங்கள்.

8. காற்றே இல்லாத, ஈரமான நாட்களில்

மழை நாளில் ஜன்னலைத் திறந்துவைத்தால் சில சமயம் வெளி ஈரம்தான் உள்ளே வரும். அப்போது மின்விசிறியைத் துணியை நோக்கித் திருப்பி வையுங்கள். துணியைச் சுற்றித் தேங்கி நிற்கும் ஈரக் காற்று விலகிப் போனால்தான் அடுத்த ஈரம் ஆவியாகும். குளிர்ந்த காற்றாக இருந்தாலும் பரவாயில்லை. ஈரம் உறிஞ்சும் கருவி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு அதையும் ஓடவிடுங்கள்.

மின்விசிறிக் காற்றில் மெல்லிய பாடிசூட் எனக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் காய்கிறது. இரட்டை அடுக்கு ஸ்லீப்சூட்டுக்கு ஓர் இரவு வேண்டும். ஒரு நாள் முழுக்க வைத்தும் காயவில்லையென்றால், நான்காவது படியில் தண்ணீர் போதிய அளவு எடுபடவில்லை என்று அர்த்தம்.

ஹீட்டரின் மேல் துணியைப் போடாதீர்கள். துணி கெடுவது இருக்கட்டும், தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. முடி உலர்த்தும் கருவியை ஒரே இடத்தில் காட்டுவதும் கூடாது. அந்த இடத்து ஸ்பான்டெக்ஸ் செத்து, துணி அலை பாயும்.

9. டிரையர்தான் வழி என்றால்

லேபிள் அனுமதித்தால் மட்டும். குறைந்த சூடு, வலைப்பை, உட்புறம் வெளியே. ஜீன்ஸ், துண்டு, வெல்க்ரோ எதுவும் கூட வேண்டாம். கனமான துணி காய நேரம் பிடிக்கும். அதுவரை மெல்லிய மூங்கில் உடை சூட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

10 நிமிடம் வைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு 5 நிமிடம். லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து, உருவத்தைச் சரிசெய்து, பரப்பி முடியுங்கள். துணி அதிகம் சுருங்குவதும் உரசிப் பொங்குவதும் அந்தக் கடைசிச் சூட்டில்தான்.

டிரையரில் போடும் வாசனைத் தாளை விட்டுவிடுங்கள். அது துணியின் மேல் ஒரு படலத்தை விடும், உறிஞ்சும் தன்மை குறையும். எச்சிலும் வியர்வையும் உறிஞ்சத்தானே இந்தத் துணியை வாங்கினோம்?

10. காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது

விரல்நுனியை நம்பாதீர்கள். புறங்கையை அல்லது கன்னத்தைத் துணியில் வையுங்கள். அறையின் சூட்டைவிடக் குளிர்ச்சியாகத் தெரிந்தால் ஈரம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

பார்க்க வேண்டிய இடங்கள்: கவட்டுத் தையல், பாதத்தின் உள்முனை, ஜிப்புக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புப் பட்டி, நகம் கீறாமலிருக்க மடித்து மூடும் கை உறை. கடைசிச் சொன்னதை எல்லோரும் மறப்பார்கள். துவைக்கும்போதே அதைத் திறந்து விரித்து வைத்தால் தொல்லை இல்லை.

சந்தேகம் இருந்தால் மடிக்காதீர்கள். அலமாரிக்குள் போன ஈரம் அங்கேயே தங்கி நாற்றமாக மாறும், பூஞ்சையும் பிடிக்கலாம்.

11. விறைப்பும் சுருக்கமும்

காற்றில் காய்ந்த துணி முதலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டு கைக்கும் நடுவே வைத்து மெதுவாகக் கசக்கி, லேசாக ஆட்டுங்கள், மென்மை திரும்பிவிடும். இப்போது காய்ந்த துணி, பலம் திரும்பியிருக்கும், இது தாங்கும். திரும்பத் திரும்ப விறைப்பாகவே இருந்தால், பெரும்பாலும் சோப்பு அதிகம் அல்லது அலசல் போதவில்லை. அடுத்த முறை சோப்பைப் பாதியாகக் குறைத்து, ஒரு அலசல் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.

சுருக்கத்துக்கு இஸ்திரி தேவைப்படுவது அபூர்வம். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு புள்ளிச் சூட்டில், உட்புறத்தில், பெட்டியை இழுக்காமல் எடுத்து எடுத்து வையுங்கள்.

12. ஏற்கெனவே கெட்டுவிட்ட உடைக்கு

நீண்டுவிட்டதா? வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எடையால் நீண்டது ஓரளவு திரும்பும். சூட்டில் ஸ்பான்டெக்ஸ் போய் நீண்டிருந்தால் திரும்பாது. அதை வீட்டில் மட்டும் போடும் உடையாக வைத்துக்கொள்ளலாம்.

சுருங்கிவிட்டதா? அதேபோல் நனைத்து, துண்டில் சுருட்டி எடுத்து, பரப்பிய நிலையில் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி விரியுங்கள். ஒரே இடத்தில் பிடித்து இழுக்க வேண்டாம். முழு அளவு கிடைக்காவிட்டாலும் இன்னும் சில வாரம் போடும் அளவுக்கு வரலாம்.

ஈர நாற்றம் அடித்தால் மேலே வாசனை தெளித்து மறைக்க முயலாதீர்கள். லேபிள் அனுமதிக்கும் அதிகபட்சச் சூட்டில் மறுபடி துவைத்து, நன்றாக அலசி, மின்விசிறி வைத்துச் சீக்கிரம் காயவையுங்கள்.

நூல் உருண்டை திரண்டிருந்தால் துணி நன்றாகக் காய்ந்த பிறகு, தட்டையான பலகையில் விரித்து, உருண்டை எடுக்கும் சிறு மெஷினை அழுத்தாமல் ஓட்டுங்கள். விரலால் பிய்த்தால் கூடவே நூலும் வரும், அந்த இடத்தில் ஓட்டை விழும்.